சட்டித் தாளத்துக்கு முன்னால் ஒரு வரி

செவ்வியல் சீனம் கற்பிக்கும் நண்பர்களே, சாவைப் பற்றிய பாடம் என்றதும் நாம் கையில் எடுப்பது பண்டைய தாவோயிச ஞானி சுவாங் சூவின் பெயரால் வழங்கும் நூலின் 18-ஆம் அத்தியாயம். அவர் மனைவி இறந்திருக்கிறாள். துக்கம் விசாரிக்க நண்பர் ஹுய் சூ வருகிறார். சுவாங் சூவோ கால்களை முறம்போல அகட்டி உட்கார்ந்து, மண்சட்டியைத் தட்டிப் பாடிக்கொண்டிருக்கிறார். முறம் என்பது என் உவமை இல்லை, மூலத்திலேயே அந்த எழுத்துதான். இழவு வீட்டில் அப்படி உட்காருவது பெரிய மரியாதைக்கேடு. அதைப் பலகையில் வரைந்து காட்டாவிட்டால் ஹுய் சூ ஏன் கடிந்துகொள்கிறார் என்பது மாணவர்களுக்குப் பிடிபடாது. (தமிழர்களுக்கு உடனே சாவுப்பறை நினைவுக்கு வரும். பறை சடங்கின் பகுதி. இந்தச் சட்டி சடங்கை மீறுவது.)

பாடம் கெடுவது இதற்கு அடுத்த இடத்தில். "ஞானிக்குத் துக்கம் கிடையாது" என்று குறிப்பெழுதிவிட்டு மாணவர்கள் போய்விடுவார்கள். பதிலின் முதல் வாக்கியத்தை நாம் வேகமாகத் தாண்டுவதுதான் காரணம். 'அவள் இறந்தபோது எனக்கு மட்டும் எப்படி மனம் கலங்காமல் இருக்கும்?' என்றுதான் அவர் தொடங்குகிறார். நான்கு பருவங்கள் மாறுவதுபோல உயிரும் மாறுகிறது என்ற வாதம் அப்புறம்தான். அந்த முதல் வரியைத் தனியே எழுதிவைத்து, ஐந்து நிமிடமாவது அங்கே நில்லுங்கள். மனைவியை இழந்தவரின் நிலையைச் சொல்லப் பிற்காலச் சீனத்தில் வந்த மரபுத்தொடர் 'சட்டி தட்டும் துயரம்'. துயரம் என்ற சொல்லை அவர்கள் விடவில்லை.

அடுத்த வகுப்புக்கு, எழுத்தோவியர் வாங் ஷீ-ஜி லான்டிங் என்ற இடத்தில் கூடிய விருந்தின் கவிதைகளுக்கு 353-இல் எழுதிய லான்டிங் முன்னுரை. மொத்தமே 324 எழுத்துகள், ஒரே மூச்சில் வாசிக்கலாம். ஓடையில் மதுக்கிண்ணம் மிதக்கும் வசந்த விருந்து, நடுவில் தொனி மாறிவிடுகிறது. எங்கே மாறுகிறது என்று பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். கோடு ஆளுக்கொரு இடத்தில் விழும், பேச்சும் அங்கிருந்தே கிளம்பும். வாழ்வும் சாவும் ஒன்று என்பது வெறும் பேச்சு என்கிறார் அவர். சுவாங் சூவுக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டாம். எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

'வாழ்வையே அறியாதபோது சாவை எப்படி அறிவது?' என்ற கன்ஃபூசியஸின் வரியைக் கேள்விகளை அடைக்கும் மூடியாக வைக்கிறோம். அன்புச் சீடர் யான் ஹுய் இறந்தபோது, மற்றச் சீடர்களே 'இது அளவு மீறிய அழுகை' என்று சொல்லும்படி கன்ஃபூசியஸ் அழுததும் அவர் உரைகளின் தொகுப்பான லுன்யூ நூலில், அந்த வரி வரும் அதே 11-ஆம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.

எழுத்துப் பயிற்சிக்கு "உங்கள் வீட்டில் நடந்த ஒரு சாவு" என்று தலைப்புத் தராதீர்கள். போன மாதம் பாட்டியைப் பறிகொடுத்த பிள்ளை வகுப்பில் இருக்கலாம். சுவாங் சூ பேசி முடித்ததும் ஹுய் சூ என்ன சொன்னார் என்று எழுதச் சொல்லுங்கள். நூலில் அது இல்லை.