நாட்டாமி வண்டியும் கடலை வண்டியும்

(வெள்ளவத்தையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

கொழும்புப் புறக்கோட்டைச் சந்தைக்குச் சனிக்கிழமை போய் வந்தவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி ஏற்கெனவே தெரியும். நாட்டாமி, அதாவது சுமை தூக்கும் தொழிலாளி, ஒருவர் மூட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார், சத்தம் போடுகிறார், சனம் விலகுகிறது, அவர் போனதும் பின்னால் மூடிக்கொள்கிறது. கொஞ்சம் தள்ளி ஒரு கடலை வண்டி, அதைச் சுற்றிச் சனம் மொய்க்கிறது. இரண்டையும் வெறும் வண்டியாக எடுத்தால் கணக்குப் பிழையாகும். பௌதிகத்தில், இப்படிச் சூழலைப் போர்த்திக்கொண்டு நகர்வதைத்தான் போலித்துகள் என்கிறோம். பெயரைப் பார்த்துப் பொய் என்று நினைக்காதீர்கள், அதன் திணிவை அளக்கவே முடியும்.

சரி, சிலிக்கன் போன்ற குறைகடத்திக்கு வருவோம். ஒளி விழுந்தால் இலத்திரன் ஒன்று மேலே தாவும், கீழே அது விட்டுப்போன வெற்றிடம், ஒரு துளை, மிஞ்சும். ஒன்று மறை, மற்றது நேர், ஆகவே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இந்தச் சோடிதான் எக்சிட்டன்.

மேலதிக இலத்திரன்களை இறக்கினால்தான் கதை சூடு பிடிக்கிறது. சிலிக்கனில் பொசுபரசு சேர்ப்பது உயர்தர வகுப்பிலேயே படித்தது. ஒரே அடுக்கு மட்டும் உள்ள மிக மெல்லிய குறைகடத்திப் படலத்தில் மின்னழுத்தம் கொடுத்தே இறக்கலாம். அப்போது நிறமாலையில், எக்சிட்டனுக்கு ஒரு கோடு இருந்த இடத்தில் இரண்டு வரும்: சக்தி குறைந்தது கீழ்க்கோடு, கூடியது மேல்கோடு. கீழ்க்கோட்டை நெடுங்காலம் ட்ரையான் என்றார்கள், அதாவது சோடியோடு இன்னோர் இலத்திரன் ஒட்டிய மூவர் குடும்பம். 1958இல் லாம்பர்ட் என்ற பௌதிகவியலாளர் கணித்தது அது. ஆனால் இலத்திரன்கள் நெருங்கி நிற்கும்போது அந்த மூன்றாமவர் யார்? கடலை வண்டியைச் சுற்றி நிற்பவர்களில் ஒருவரைக் காட்டி இவர்தான் வாடிக்கையாளர் என்பீர்களா? என் கட்சி, கீழ்க்கோடு இலத்திரன்களை இழுக்கும் கடலை வண்டி, மேல்கோடு அவற்றை விலக்கும் நாட்டாமி வண்டி. இரண்டுமே இலத்திரன் கூட்டத்தோடு சேர்ந்த எக்சிட்டன்கள். இவற்றைத்தான் ஃபெர்மி போலாரன்கள் என்பது.

இதை எப்படிச் சோதிப்பது? இரண்டு ஆடிகளுக்கு நடுவே படலத்தை வைத்தால் ஒளி உள்ளேயே திரும்பத் திரும்ப ஓடும். ஒளிக்கும் எக்சிட்டனுக்கும் பிணைப்பு பலமாக இருந்தால் பாதி ஒளி, பாதி பொருளான போலாரிட்டன் பிறக்கும். குறைகடத்தியில் 1992இல் வைஸ்புக் குழு கண்டது. 2017இல் சூரிச் ஆய்வாளர்கள் மொலிப்டினம் டைசெலினைட் என்ற குறைகடத்தியின் ஓர் அடுக்கில் இலத்திரன்களைக் கூட்டிக்கொண்டே போய் இதைப் பார்த்தார்கள். வெறும் மூவர் குடும்பமென்றால் ஒளியோடு பிணைப்பு மிகப் பலவீனமாக இருந்திருக்க வேண்டும். கீழ்க்கோடோ ஒளியோடு கலந்து தெளிவாக இரண்டாகப் பிளந்தது, பிணைப்பு பலமானது என்பதற்கு அதுவே அடையாளம்.

"அப்ப, சனம் இன்னும் கூடினால்?" என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. நாட்டாமி வண்டிக்கு வழியே கிடைக்காது: மேல்கோடு இன்னும் மேலே ஏறி, அகன்று, மங்கும், அதன் பலமெல்லாம் கீழ்க்கோட்டுக்குப் போய்ச் சேரும்.