கலைமான் தலையும் எரியும் மலையும்

நேயர்களுக்கு வணக்கம். மெக்கன்சி என்ற பெயர் நமக்குப் புதியதன்று. ஊர் ஊராக ஆளனுப்பிக் கைஃபியத்துகள் எனப்படும் ஊர் வரலாற்றுக் குறிப்புகளையும் சுவடிகளையும் திரட்டிய நில அளவையாளர் காலின் மெக்கன்சியின் தொகுப்பில் ஒரு பகுதி இன்றும் சென்னையில், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. அவர் பிறந்தது ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், ஸ்டோர்னவே என்ற துறைமுக ஊரில். இன்று நான் பேச வந்தது அவரைப் பற்றியன்று, அவர் பெயரில் ஒட்டியிருக்கும் குலத்தையும் அதன் சின்னங்களையும் பற்றி.

ஸ்காட்லாந்து மலைநாட்டின் கேலிக் மொழியில் இப்பெயருக்குக் 'கென்னத்தின் மகன்' என்று பொருள். மேற்குக் கரையின் கின்டெயில் பகுதியில் வேர்கொண்ட இக்குலத்தின் கேடயம் எளிமையானது: நீலப் பரப்பில், கழுத்து தெரியாமல் முகம் மட்டும் நேராக நம்மை நோக்கும் பொன்னிறக் கலைமான் தலை. குலத்தலைவருக்கே 'மான்கொம்பு' என்ற பொருளுடைய காபர்ஃபே என்பது பட்டப்பெயர். கேடயத்தோடு சேர்ந்த வாசகம், 'அரசனுக்கு உதவு'.

இதற்கு ஒரு கதை சொல்வார்கள். வேட்டையில் கீழே விழுந்த ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் அலெக்சாண்டர் மீது கலைமான் ஒன்று பாய, அயர்லாந்திலிருந்து வந்த காலின் ஃபிட்ஸ்ஜெரால்டு அதைக் கொன்று அவரைக் காத்தாராம். 1266-இல் அதற்குப் பரிசாகக் கின்டெயிலும் இச்சின்னமும் கிடைத்தனவாம். அக்கொடைக்குச் சான்றாகக் காட்டப்படும் பட்டயத்தை ஆய்வாளர்கள் இன்று ஏற்பதில்லை. கென்னத்தின் வழித்தோன்றல்கள் என்று தம் பெயரே சொல்லும்போது ஃபிட்ஸ்ஜெரால்டு எங்கிருந்து வந்தார் என்று கேட்கத்தான் தோன்றுகிறது. ஆயினும் 1786-இல் குலத்தலைவர் பிரான்சிஸ் மெக்கன்சி இக்காட்சியைப் பெஞ்சமின் வெஸ்ட் என்ற ஓவியரைக் கொண்டு ஐந்து மீட்டருக்கும் மேல் அகலமான திரையில் தீட்டச் செய்தார். எடின்பரோவின் தேசிய ஓவியக்கூடத்தில் அது இருக்கிறது: தரையில் சாய்ந்த மன்னர், சீறும் மான், ஓங்கிய ஈட்டி. பட்டயத்தால் நிறுவ முடியாததை வண்ணத்தால் நிறுவிவிட்டார்கள்.

அரசனுக்கு உதவு என்ற வாசகம் எந்த அரசனுக்கு என்று சொல்வதில்லை. குலத்தின் துயரமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. 1715-இல் ஐந்தாம் சீஃபோர்த் பிரபு, நாடிழந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்காக எழுந்து பட்டத்தையும் நிலத்தையும் இழந்தார். 1719-இல் குலத்தின் கோட்டையான எய்லியன் டோனனை அரசுக் கப்பற்படை வெடிவைத்துத் தகர்த்தது. 1745 கலகத்தில், தலைவர் ஃபோர்ட்ரோஸ் லண்டன் அரசின் பக்கம் நிற்க, அதே குலத்துக் குரோமார்ட்டி பிரபு ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸின் பக்கம் சென்று, பிடிபட்டு, மரண தண்டனை பெற்று, பிறகு உயிர்ப்பிச்சை பெற்றார். இருவர் கேடயத்திலும் அதே மான் தலை.

குலத்தின் மற்றொரு சின்னமான எரியும் மலையும், 'ஒளிர்கிறேன், எரியவில்லை' என்ற இலத்தீன் வாசகமும், முதலில் லூயிஸ் தீவை ஆண்ட மெக்லியாடு குலத்தாருக்கு உரியவை. 1610-இல் கின்டெயில் பிரபு கென்னத் அத்தீவின் உரிமையை விலைக்கு வாங்கினார்; அவர் தம்பி ரோடரிக், மெக்லியாடு வாரிசுப் பெண்ணை மணந்தார். நிலத்தோடு மலையும் வந்து சேர்ந்தது.

'மெக்கன்சி குலத்தின் கேடயம்' என்று கடைகளில் விற்பது உண்மையில் சட்டப்படி இல்லாத பொருள். ஸ்காட்லாந்தில் கேடயச் சின்னம் தனி ஒருவரின் சொத்து. 1672-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது லார்ட் லயன் என்ற அதிகாரியின் பதிவேட்டில் ஏற வேண்டும். இளைய மகன்கூடத் தந்தையின் கேடயத்தை அப்படியே ஏந்த முடியாது. ஓரப்பட்டை முதலிய வேறுபாடு ஒன்றைச் சேர்த்துப் பதிவு பெறவேண்டும். மற்றக் குலத்தவர் தொப்பியில் அணியக்கூடியது, தலைவரின் முடிச்சின்னத்தை (கேடயத்துக்கு மேலே, தலைக்கவசத்தின் உச்சியில் அமையும் சின்னத்தை) சுற்றி வளைந்த, கொக்கி மாட்டிய வார்ப்பட்டை. அந்த வார், 'நான் இவரைச் சார்ந்தவன்' என்பதன் அடையாளம். தலைவர் மட்டும் வாரின்றி வெறும் வளையமும் அதன் பின்னே மூன்று கழுகு இறகுகளும் அணிவார்.

ஓவியம் தீட்டச் செய்த பிரான்சிஸ், சிறுவயதில் காய்ச்சலால் செவிப்புலன் இழந்தவர். 1793-இல் அவர் திரட்டிய படைப்பிரிவு மான் தலையைத் தன் சின்னமாக்கிக்கொண்டது. ஆண் மக்கள் அனைவரையும் பறிகொடுத்து 1815 சனவரியில் அவர் இறந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன், 1814 டிசம்பரில், அவருடைய மூத்த மகள் மேரியின் கணவரான கடற்படைத் தளபதி சாமுவேல் ஹூட் நம் சென்னையில் காலமாகியிருந்தார். ஆகவே சொத்துக்கு வாரிசான மேரி, கைம்பெண்ணாக ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறினார். கடைசித் தலைவர் செவிடராயிருப்பார் என்றும், கிழக்கிலிருந்து வெண்முக்காடிட்ட பெண் வருவாள் என்றும் ஒரு குறிசொல்லி முன்பே கூறியதாக ஊரார் பேசிக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் ஹூட் என்றால் முக்காடு. மேரியின் இரண்டாம் கணவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் மெக்கன்சி, 1837 முதல் 1841 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தார். அவரும் இறந்தபின், 1844-இல், மேரி லூயிஸ் தீவை ஜேம்ஸ் மேத்தசன் என்ற வணிகருக்கு விற்றார்.

குலத்தலைமை பின்னர் குரோமார்ட்டி பிரபுக்களிடம் சென்றது. அவர்கள் முடிச்சின்னத்தில் இன்றும் அந்த லூயிஸ் மலைதான் எரிந்துகொண்டிருக்கிறது.