கூலியா, பட்டாவா? பட்டா அணியின் வாதம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். உழவுத் தொழிலில் பெண் நிமிர முதலில் வேண்டியது கூலி உயர்வுதான் என்று எதிரணியினர் பேசி அமர்ந்திருக்கிறார்கள். இல்லை, அவள் பெயரில் பட்டா என்கிறோம் நாங்கள்.

கூலியில் அநியாயம் உண்டு. 1976-லேயே சம ஊதியச் சட்டம் வந்தும் அது ஏன் தீரவில்லை? ஒரே மாதிரி வேலைக்கு ஒரே கூலி என்றுதான் அந்தச் சட்டம் பேசியது. வயலிலோ வேலையையே பிரித்து வைத்துவிட்டார்கள். நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு பெண்ணுக்கு. வரப்பு வெட்டு, மருந்தடிப்பு ஆணுக்கு. சேற்றில் நாள் முழுக்கக் குனிந்து நடுவதற்கு 'லேசான வேலை' என்று பெயர்! சரி, கூலி ஏறட்டும். பிறகு? காவிரி டெல்டாவைப் பாருங்கள். தட்டில் வளர்த்த நாற்றை நடவு இயந்திரம் நட்டுவிட்டுப் போகிறது. கதிர் அறுப்பையும் கட்டுத் தூக்குவதையும் அறுவடை இயந்திரம் எடுத்துக்கொண்டது. கூலி ஏறிய அதே வயலில் பெண்ணின் வேலை நாள் குறைந்துவிட்டது. இயந்திரம் ஓட்டும் வேலையும் அவளுக்கு வருவதில்லை.

நாட்டில் கிராமத்து உழைக்கும் பெண்களில் நாலில் மூன்று பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் பெண் பெயரில் இருந்த சாகுபடி நிலம் நூற்றுக்கு 12 பங்குகூட இல்லை. கணவர் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்டால் விதைப்பு முதல் களம் வரை அவள்தான். ஆனால் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால், நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா, என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் இரண்டையும் கேட்பார்கள். பயிர்க் காப்பீட்டுக்கும் அதே. கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்கவும் அதே. மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டம் தரும் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் நில ஆவணத்தில் பெயர் உள்ளவருக்குத்தான். தவணை தவறாமல் கட்டினால் வட்டியே இல்லாத பயிர்க்கடன் இருக்க, அவள் நகையை அடகு வைக்கிறாள், குழுக்கடன் வாங்குகிறாள்.

கணவர் இறந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பல வீடுகளில் பட்டா மாமனார் பெயரிலேயே நிற்கும். அவருடைய இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. பிறகு கணவருடையவை, தனியாக. இத்தனையும் கொடுத்தால் கிடைப்பது எல்லா வாரிசுகள் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டா. தனிப் பட்டாவுக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம் வேண்டும், சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். கொழுந்தன்மாரில் ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால் கோர்ட்டுதான். இந்த வழக்குக்கு எந்தக் கூலி உயர்வு ஈடுகொடுக்கும்?

இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று 1989-இல் தமிழ்நாடு சட்டம் போட்டது, 2005-இல் மத்திய சட்டம் வந்தது. 2005-க்கு முன்பே தந்தை இறந்திருந்தாலும் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இருந்தும் 'சீர் செய்தாச்சே' என்று சொல்லி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அவளிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். சட்டம் தந்ததை அந்த ஒரு தாள் பறித்துவிடுகிறது. பத்திரத்தைப் படித்துக் காட்டி, பங்குக்கு அரசு குறித்த வழிகாட்டி மதிப்பையும் அவளிடம் சொல்லாமல் எந்தச் சார்பதிவாளரும் அதைப் பதியக் கூடாது என்பது எங்கள் கோரிக்கை.

'நிலமே இல்லாதவளுக்கு ஏது பட்டா?' என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1968-இல் தலித் விவசாயக் கூலிக் குடும்பத்தினர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணிக் கொடுமை நடந்த அதே நாகை மண்ணில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிப் பெண்கள் பெயரிலேயே எழுதிக் கொடுத்தது. இன்று தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலக் கழகமான தாட்கோவின் நன்னிலம் திட்டத்தில், நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடிப் பெண் விவசாயத் தொழிலாளர்களுக்கு நில விலையில் பாதி, 5 லட்சம் வரை மானியம். விற்க முன்வருபவர் கிடைப்பதும் மீதிப் பணம் புரட்டுவதும் சிரமம், ஒப்புக்கொள்கிறோம். அதற்காகப் போராடுவோம்.

'பட்டா பேருக்கு அவளுடையது, முடிவெடுப்பது ஆண்' என்ற வாதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இன்று குடும்பக் கடனுக்காக நிலத்தை விற்கும்போது அவளிடம் யாரும் கேட்பதில்லை. அவள் பெயரில் இருந்தால், அவள் கைரேகை வைக்காமல், அல்லது அவளே அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்காமல், விற்பனையும் பதிவாகாது, அடமானமும் பதிவாகாது. நடுவர் அவர்களே, தீர்ப்பெழுதும்போது அந்தக் கைரேகையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.