வானம் நீலம், சாலை மாயம்! ஹொக்காய்டோவில் கார் எடுக்கும் முன் இதைப் பாருங்கள்

[முதல் காட்சி: காரின் முன்கண்ணாடி வழியே கைப்பேசியில் எடுத்தது]

மேலே பாருங்கள். வானம் நல்ல நீலம். வெயில் அடிக்கிறது. ஒரு பனித்துகள்கூட விழவில்லை.

இப்போது கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். சாலை எங்கே? இரண்டு வினாடிக்கு முன்னால் நமக்கு முன்னே போய்க்கொண்டிருந்த வெள்ளை வேன் எங்கே?

ஓட்டுவது நான். படம் எடுப்பது என் மனைவி. பின்சீட்டிலிருந்து கேட்கிற குரல் என் மாமனாருடையது: "வானம் நல்லாத்தானே இருக்கு மாப்பிள்ளை, ஏன் இப்படி உருட்டுறீங்க?"

அவருக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதனால் இந்த வீடியோவில் சொல்கிறேன். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்காய்டோவில் கார் வாடகைக்கு எடுக்கத் திட்டம் போட்டிருப்பவர்கள் கடைசிவரை பாருங்கள். திட்டம் இல்லாதவர்களும் இருங்கள், நடுவில் ஒரு கலைமான் கதை வருகிறது.

வணக்கம் மக்களே! முதலில் பின்னணி, ஓட்டமாக. நம் சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஹொக்காய்டோ ஏன் பிடிக்கிறது? அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அனைத்துலக ஓட்டுநர் அனுமதி இருந்தால் வாடகை வண்டி கிடைத்துவிடும். ஆனால் குளிர் என்றால் நமக்குத் தெரிந்தது 2018 ஜனவரியில் 21 டிகிரிக்கு இறங்கியதே, அவ்வளவுதான். அந்த வாரம் எம்ஆர்டி ரயிலில் கழுத்துவரை கம்பளி சுற்றிக்கொண்டு செல்ஃபி எடுத்தவர்களில் நானும் ஒருவன். இந்த அனுபவத்தை மூலதனமாக வைத்துக்கொண்டுதான் மைனஸ் பத்தில் வண்டி எடுக்கிறோம். சரி, பின்னணி முடிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். நாம் பயப்படுவதெல்லாம் விழுகிற பனிக்கு. காலையில் வானிலைச் செயலியைத் திறப்போம், சூரியன் படம் இருந்தால் கிளம்பிவிடுவோம். ஆனால் நீங்கள் இப்போது பார்த்த காட்சியில் இருப்பது விழுகிற பனி இல்லை. நேற்றோ போன வாரமோ விழுந்து, வயலில் சும்மா படுத்துக் கிடந்த பனி. காற்று வந்து அதை எழுப்பிவிட்டது. ஜப்பானியர்கள் இதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ஜிஃபுபுகி. 'ஜி' என்றால் நிலம், 'ஃபுபுகி' என்றால் பனிப்புயல். வானத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் தரையிலிருந்து கிளம்புகிற புயல்.

இது எப்படி நடக்கிறது என்று காட்ட ஒரு சோதனை செய்தேன். எங்கள் வீவக அடுக்குமாடித் தாழ்வாரத்தில் கோலமாவைக் கொட்டிப் பரப்பி, பக்கத்தில் மேசை மின்விசிறியை வைத்து, மெல்ல வேகத்தைக் கூட்டினேன்.

[காட்சி: மெதுவாக ஓடும் வீடியோ. பின்னால் பக்கத்து வீட்டுக் கதவு திறந்து, பார்த்து, மூடிக்கொள்கிறது]

கதவைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கட்டத்தில் சில துகள்கள் உருள்கின்றன. அப்புறம் தத்துகின்றன. தத்திய துகள் கீழே வந்து விழுகிற இடத்தில் இன்னும் நாலைந்தை முட்டி எழுப்புகிறது. அந்த நாலைந்தும் போய் மற்றவற்றை முட்டுகின்றன. அவ்வளவுதான், தரையே நகர ஆரம்பித்துவிடுகிறது! பாலைவன மணலும் இப்படித்தான் பயணம் போகிறது. பனியில் இன்னொரு சங்கதி சேர்கிறது. படங்களில் பார்க்கிறோமே, ஆறு கை நீட்டிய அழகான பனிப்பூ, அது இந்த முட்டல் மோதலில் கை கால் உடைந்து பொடியாகிறது. பொடியாக ஆக, இன்னும் லேசாகி மேலே மிதக்கிறது.

பெரும்பகுதி பனி தரையை ஒட்டியேதான் ஓடுகிறது. உயரம் கூடக் கூட அது மெலிந்துகொண்டே போகும். அதனால்தான் என் மாமனார் நீல வானத்தைப் பார்த்தார், நான் வெள்ளைச் சுவரைப் பார்த்தேன். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். தாழ்வான சிறிய காரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாத அதே இடத்தில், லாரி ஓட்டுநருக்கு ஓரளவு சாலை தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உதவும்.

மாவு ஈரமாக இருந்தால் பறந்திருக்காது இல்லையா? ஈரப்பனியும் அப்படித்தான், ஒட்டிக்கொண்டு கிடக்கும். நன்றாகக் குளிர்ந்து உலர்ந்த பனிதான் சுலபமாகக் கிளம்பும். 'பவுடர் ஸ்னோ' என்று சுற்றுலா விளம்பரங்களில் ஹொக்காய்டோவைப் புகழ்கிறார்களே, அதே பவுடர்தான் உங்கள் முன்கண்ணாடியில் வந்து நிற்பது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது அள்ளிக்கொண்டு போகிற பனி இரண்டு மடங்கோடு நிற்காது, சுமார் எட்டு மடங்கு ஆகிவிடும். அதுவும் குறைந்த கணக்கு.

"நாங்கள் பார்க்காத புகைமூட்டமா?" என்று யாராவது கருத்துப் பகுதியில் எழுதுவீர்கள். 2013 ஜூன் 21, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401. அன்றைக்குப் பக்கத்து புளோக்கே மங்கலாகத்தான் தெரிந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புகைமூட்டம் யோக்கியமானது. மங்கல் என்றால் நாள் முழுக்க அதே மங்கல், அதற்கேற்ற மாதிரி ஓட்டலாம். ஜிஃபுபுகி அப்படி இல்லை. அரை கிலோமீட்டர் தெளிவாகத் தெரியும், மூன்று வினாடியில் உங்கள் பானெட்கூடத் தெரியாது, மறுபடி தெளியும். இரண்டு புளோக்குக்கு நடுவில் நடக்கும்போது திடீரென்று காற்று குடையைப் பிடுங்கும் இல்லையா? அதே கணக்குதான். மரவரிசையோ பனித்தடுப்பு வேலியோ இருக்கிற வரைக்கும் நிம்மதி. அது முடிந்து வெட்டவெளி தொடங்குகிற இடத்தில் பொட்டென்று வெள்ளை. நான் மாட்டியதும் அப்படி ஓர் இடத்தில்தான்.

வேடிக்கை என்னவென்றால், ஜப்பானின் அவோமோரி மாநிலத்தில் ட்சுகாரு பகுதியில் இந்தக் காற்றுக்குள் நடந்து பார்க்கவே ஒரு சுற்றுலா நடத்துகிறார்கள். பழைய காலத்துக் கம்பளிப் போர்வையைச் சுற்றி, பனிச்செருப்பு மாட்டி, நிஜமாகவே வயலுக்குள் இறக்கிவிடுவார்கள். எனக்கு அது இலவசமாகவே கிடைத்தது.

சரி, கலைமான்! இந்தப் பகுதி கொஞ்சம் நீளும், என்னால் சுருக்க முடியவில்லை.

1977 ஜனவரி 28. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகரம். அதன் மேற்கே ஈரி ஏரி. (நாலு தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ஒளிப்பதிவில் எனக்கு ஏழு டேக் ஆனது.) நீளம் 388 கிலோமீட்டர், நம் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் கிளம்பி கோலாலம்பூரையும் தாண்டிப் போகிற தூரம். அந்த வருஷம் கடுங்குளிர். டிசம்பர் நடுவிலேயே ஏரி முழுக்க உறைந்துவிட்டது. ஏரி உறைந்தால் பஃபலோக்காரர்கள் பெருமூச்சு விடுவார்களாம், ஏனென்றால் தண்ணீர் மூடிக்கொண்டால் ஏரியிலிருந்து ஈரம் எடுத்துப் பொழிகிற பனி அடங்கிவிடும். ஆனால் அதற்குப் பிறகு வாரக்கணக்கில் விழுந்த பனியெல்லாம் அந்தப் பனிக்கட்டித் தரைமேல் உலர்ந்த மாவாகக் குவிந்து கிடந்தது. மரம் இல்லை, மேடு இல்லை, வேலி இல்லை. பிரம்மாண்டமான ஒரு கோலமாவுத் தட்டு.

அன்றைக்கு மணிக்கு 111 கிலோமீட்டர்வரை காற்று வீசியது. தட்டு அப்படியே நகரத்தின்மேல் கவிழ்ந்தது. அந்தப் புயல் நாள்களில் வானத்திலிருந்து புதிதாக விழுந்த பனி சுமார் 30 சென்டிமீட்டர்தான், ஒரு பள்ளிக்கூட அடிக்கோல் உயரம். ஆனால் சில இடங்களில் பனிக்குவியல் 9 மீட்டர் உயர்ந்தது, மூன்று மாடி! 29 பேர் இறந்தார்கள். அவர்களில் 9 பேர் பனியில் புதைந்த கார்களுக்குள் கண்டெடுக்கப்பட்டார்கள். பனிப்புயலுக்காக அமெரிக்க மத்திய அரசு பேரிடர் அறிவித்தது அதுவே முதல்முறை.

பஃபலோ விலங்குத் தோட்டத்தில் காற்று பனியை வேலியின் உச்சிவரை குவித்துவிட்டது. உள்ளே இருந்த கலைமான்களில் மூன்று, ஏதோ சரிவுப் பாதை போட்டுக் கொடுத்தது மாதிரி, வேலிக்கு மேலே சாவகாசமாக நடந்து வெளியே போய்விட்டன. ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க, மூன்று கலைமான்கள் மட்டும் நகர்வலம். நம் மண்டாய் விலங்குத் தோட்டத்தில் இப்படி நடந்தால் எந்த விலங்கு முதலில் வெளியே வரும்? கருத்துப் பகுதியில் எழுதுங்கள். என் பந்தயம் நீர்நாய், ஆனால் அது ஏற்கெனவே வெளியேதான் சுற்றுகிறது.

இதுவரை சொன்னது காற்று மட்டும் வீசுகிற நாளுக்கு. புயல் வரப்போகிறது என்றால் என்ன ஆகும்?

குளிர்காலத்தில் சைபீரியாமேல் கனமான குளிர்காற்று தேங்கும். அது கிழக்கே ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரம் எடுத்துக்கொண்டு ஹொக்காய்டோவில் பனியாகக் கொட்டுகிறது. அதே தேக்கம் தெற்கே வழிந்து, தென்சீனக் கடலில் சூடாகி, ஈரம் குடித்து, இங்கே வந்து சேரும்போதுதான் ஜனவரியில் மூன்று நாள் விடாமல் மழை கொட்டுகிறது. தேக்காவில் நாம் நனைகிற மழைக்கும் அந்தப் பனிக்கும் பிறந்த வீடு ஒன்று. இது எனக்கு அவ்வளவு பிடித்துப்போய் வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போட்டேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.

இந்த நிலையில் ஒரு தாழ்வழுத்தம் வேகமாக வலுத்துக்கொண்டு வந்தால், அது வருவதற்கு முன்னால் சில சமயம் இதமாக இருக்கும். காற்று இருக்காது, வெயில்கூட வரும். மையம் கடந்த பிறகு காற்று வடமேற்கிலிருந்து திரும்பி அறையும். 2013 மார்ச் 2 அன்று கிழக்கு ஹொக்காய்டோவில் நடந்தது இதுதான். காலையில் வானிலை மோசமில்லை, மக்கள் சனிக்கிழமை வேலைகளுக்காக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பகலுக்குள் நிலைமை மாறியது. ஹொக்காய்டோவில் 9 பேர் இறந்தார்கள். பனியில் குளிர்ந்து வளர்ந்த ஊர்க்காரர்கள், நம்மைப் போல விருந்தாளிகள் இல்லை. ஒரு தந்தை, காரைவிட்டு இறங்கிய இடத்தில், 9 வயது மகளைத் தன் உடலால் மூடிக் காப்பாற்றிவிட்டு இறந்துபோனார். வேறோர் ஊரில் ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் புதைந்த காருக்குள் இறந்து கிடந்தார்கள். அவர்களைக் கொன்றது குளிர் அல்ல, கார்பன் மோனாக்சைடு.

இதை மட்டுமாவது மெதுவாகச் சொல்கிறேன். நாம் காரில் எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்கிப் பழகியவர்கள். பனியில் மாட்டினால் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு காத்திருக்கத்தான் தோன்றும். காற்று அடித்துக்கொண்டு வருகிற பனி காரின் பின்பக்கம் குவிந்து புகைக்குழாயை மூடிவிடும். வெளியே போக முடியாத புகை வண்டிக்கு அடியில் தேங்கி உள்ளே நுழையும். நிறம் இல்லை, மணம் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலை லேசாக வலிக்கும், தூக்கம் வரும், களைப்பு என்று நினைத்துக்கொள்வோம். அதனால் வண்டி நின்றுவிட்டால் எஞ்சினை அணையுங்கள். போர்வையும் மண்வாரியும் டிக்கியில் இல்லாமல் பின்சீட்டில் இருக்கட்டும். எஞ்சினைப் போட்டே ஆகவேண்டும் என்றால் முதலில் இறங்கி, புகைக்குழாயைச் சுற்றித் தோண்டிவிடுங்கள், திரும்பத் திரும்பத் தோண்டுங்கள். காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். வீடு ஏதும் தெரியாத இடத்தில் காரைவிட்டு நடக்கக் கிளம்பாதீர்கள். காவல்துறைக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119, சாலையில் ஏதாவது ஆபத்தைத் தெரிவிக்க ஹேஷ் 9910. பதற்றத்தில் நம் ஊர் ஆம்புலன்ஸ் எண் 995-ஐ அழுத்திவிடாதீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் மறைந்தால்? சட்டென்று பிரேக் போடாதீர்கள், பின்னால் வருகிறவருக்கும் கண் தெரியவில்லை. மெல்லக் குறையுங்கள், அபாய விளக்கைப் போடுங்கள். ஹை பீம் வேண்டாம், வெள்ளைச் சுவரில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். அங்கே சாலையோரக் கம்பங்களில் சிவப்பும் வெள்ளையுமாக ஓர் அம்புக்குறி கீழ்நோக்கித் தொங்கும். நான் முதலில் ஏதோ பேருந்து நிறுத்தம் என்று நினைத்தேன். சாலையின் விளிம்பு சரியாக அதற்குக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். போக்குவரத்து விளக்கும் செங்குத்தாக இருக்கும், படுக்கையாக வைத்தால் மேலே பனி உட்கார்ந்துவிடும் என்பதால். இந்த மாதிரி யோசிக்கிறவர்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பனிப்புயலில் எந்தப் பகுதியில் எத்தனை மீட்டர் கண் தெரியும் என்று முன்கூட்டியே சொல்கிற இணையப் பக்கம்கூட ஹொக்காய்டோவுக்கு இருக்கிறது. அதைக் காலையில் பார்க்காமல், சூரியன் படத்தை நம்பிக் கிளம்பியவன் நான்.

அப்புறம் என்ன ஆனது? அம்புக்குறியை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஊர்ந்து போய், ஒரு மிச்சி நோ எக்கிக்குள் திரும்பிவிட்டோம். நெடுஞ்சாலையோர ஓய்விடம், கழிவறை இருக்கும், தின்பண்டம் இருக்கும். வண்டி நிறுத்துமிடத்தில் ஏழு பெரிய லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. உயரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிற ஏழு பேரும் போதும் என்று நிறுத்திவிட்டார்கள். மாமா அந்த லாரிகளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் இயந்திரத்தில் சூடான சோள சூப் டின்கள் வாங்கிவந்து ஆளுக்கொன்று கொடுத்தார். இரண்டேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். முதல் லாரி விளக்கைப் போட்டு நகர்ந்தது. இரண்டாவதும் நகர்ந்தது. மூன்றாவது கிளம்பியபோது மாமா சீட்பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "இப்ப எடுங்க மாப்பிள்ளை" என்றார்.