பழகாத சத்தம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். இந்த உரைக்கு நடுவில் இரண்டு வெடிச் சத்தத்தைப் பின்னணியாகப் போடலாமா என்று நிலையத்து நண்பர் கேட்டார். வேண்டாமய்யா என்று கும்பிட்டுவிட்டேன். நீங்கள் ரேடியோ வைத்திருக்கிற அறையிலேயே ஒரு நாய் படுத்திருக்கலாம். அதைத் தூக்கிவாரிப் போட வைத்துவிட்டு, அதன் பயத்தைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது.

தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் எதற்கு இந்தப் பேச்சு என்று தோன்றலாம். நான் கால்நடை மருத்துவர். பண்டிகைக்கு முந்தைய நாள் மாலை என் கிளினிக்கில் நிற்க இடம் இருக்காது. "ராத்திரி மட்டும் தூங்குற மாதிரி ஒரு ஊசி போட்டுவிடுங்க டாக்டர்" என்பார்கள். அந்த நேரத்தில் என்னால் செய்ய முடிவது கொஞ்சம்தான். நீங்கள் செய்யக்கூடியது நிறைய. அதற்கு இந்த ஆறு வாரம் வேண்டும்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. பாதி ராஜபாளையம், மீதி தெரு. ஒரு தீபாவளி விடியற்காலையில், கட்டிப்போட்ட இடத்திலேயே சங்கிலியை இழுத்து இழுத்துக் கழுத்தைப் புண்ணாக்கிக்கொண்டது. அப்பா சொன்னார்: "விடுடா, நாலு வெடி கேட்டா பழகிடும்." அடுத்த வருஷம் பழகவில்லை. அதற்கடுத்த வருஷம் வெடிகூடத் தேவைப்படவில்லை. நாங்கள் வெடி பற்றவைப்பது ஊதுபத்தியில் அல்லவா? வெள்ளிக்கிழமை சாமி கும்பிட ஊதுபத்தி ஏற்றினாலே மணி கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

இந்தப் "பழகிடும்" என்ற சொல்லைத்தான் இன்றும் வாரத்துக்கு நாலு பேரிடம் கேட்கிறேன். ரயில் பாதை ஓரத்து வீட்டு நாய் ரயிலுக்குப் பழகிவிடுகிறதே என்பார்கள். உண்மைதான். ரயில் தூரத்தில் மெல்லத் தொடங்கி, கூடி, அப்புறம் குறைகிறது. தினமும் வருகிறது, ஒன்றும் செய்யாமல் போகிறது. வெடி அப்படியா? எப்போது, எந்தப் பக்கம் என்று தெரியாது. நம் ஊரில் சாவு ஊர்வலத்துக்கு வெடி, தேர்தலில் ஜெயித்தால் வெடி, கோயில் கொடைக்கு வெடி. பயந்த நாயை அதற்கு நடுவில் நிறுத்தினால் ஒவ்வொரு தடவையும் பயம் ஒரு படி ஏறுகிறதே தவிர இறங்குவதில்லை.

காதையும் யோசித்துப் பாருங்கள். கீச்சென்ற சத்தங்களில் நாம் அதிகம் போனால் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறோம். நாய் சுமார் 45,000 வரை கேட்கும். வெடி வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் வரை நம் நாட்டு விதியே அனுமதிக்கிறது. பக்கத்தில் நின்றால் நமக்கே காது அடைத்துப்போகும் சத்தம் அது.

இன்னொரு தவறான நம்பிக்கை. பயப்படும்போது நாயைத் தடவிக் கொடுத்தால் பயத்துக்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடும், கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்று பல பேர் சொல்வார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். பயம் என்பது நாய் காட்டும் வித்தை அல்ல, பரிசு கொடுத்து வளர்ப்பதற்கு. உங்கள் மடியில் தலை வைத்தால் அதற்கு நடுக்கம் குறைகிறது என்றால் வைக்கட்டும். ஆனால் ஒளிந்திருக்கும் நாயை இழுத்து மடியில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது வந்தால் நீங்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஆறு வாரத்தில் என்ன செய்வது? அப்பா சொன்ன அதே பழக்கம்தான், ஆனால் துளித் துளியாக. வெடிச் சத்தப் பதிவு ஒன்றை ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். நாயின் காது லேசாக அசைய வேண்டும், உடம்பு இறுகக் கூடாது. அந்த அளவுக்கு ஒலியைக் குறையுங்கள். சத்தம் கேட்ட அடுத்த நொடி வாயில் ஒரு துண்டு வேகவைத்த கோழி. சைவ வீடென்றால் பனீர். மறுபடி சத்தம், மறுபடி துண்டு. ஐந்து நிமிஷம் போதும், நாளைக்கு இரண்டு தடவை.

இதில் வரிசை முக்கியம். சத்தம் முன்னால், தீனி பின்னால். மாற்றிச் செய்தால், கோழியைப் பார்த்ததுமே "ஏதோ வரப்போகிறது" என்று நாய் பயப்படக் கற்றுக்கொள்ளும். மணி ஊதுபத்தியைக் கற்றுக்கொண்ட மாதிரி. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை ஒலியை ஒரு கோடு ஏற்றுங்கள். தின்ன மறுத்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். பழைய அளவுக்குத் திரும்புங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் வெடியின் அதிர்வு வராது. ஆகவே கடைசி வாரங்களில் பெரிய ஸ்பீக்கர் இருந்தால் நல்லது, மறுபடி குறைந்த ஒலியிலிருந்து.

எந்தப் பயிற்சியும் செய்யாதவர்கள்கூட, நிஜ வெடி கேட்கும்போதெல்லாம் ஒரு நல்ல துண்டைப் போடலாம். சுவிட்சர்லாந்தில் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஸ்டெஃபனி ரீமர், வெடிக்குப் பயப்படும் நாய்களுக்கு எது உதவியது என்று நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு 2020இல் வெளியிட்ட ஆய்வில், இந்த எளிய வழியைக் கையாண்டவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் அது பலன் தந்தது என்று சொல்லியிருந்தார்கள்.

ஒளிந்துகொள்ளும் இடத்தை நாயே தேர்ந்தெடுக்கட்டும். பெரும்பாலும் குளியலறையாக இருக்கும், இல்லையென்றால் பீரோ இடுக்கு. அங்கே ஒரு பழைய போர்வையை இன்றைக்கே போட்டு, சாப்பாட்டையும் அங்கேயே வையுங்கள். பண்டிகையன்று ஜன்னலைச் சாத்தி, விளக்கைப் போட்டுவிட்டால் வெளியே மின்னுவது தெரியாது. ரேடியோவைச் சத்தமாக வையுங்கள். இது எங்கள் நிலையத்துக்கு விளம்பரம் இல்லை.

தமிழ்நாட்டில் 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வெடி வெடிக்க அரசு நேரம் வகுத்திருக்கிறது. தெருவில் எண்ணெய்க் குளியல் முடிந்த கையோடு நாலு மணிக்கே ஆரம்பித்துவிடுவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதல் நாள் மத்தியானமே நாயை நன்றாக நடக்கவிட்டு வந்துவிடுங்கள். மொட்டைமாடியிலோ வாசலிலோ கட்டிப்போடாதீர்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் ஃபோன் நம்பர் இருக்கட்டும். பயத்தில் ஓடும் நாய்க்குத் திரும்பி வர வழி தெரியாது.

மருந்து பற்றி. ரொம்பப் பயப்படுகிற நாய்க்கு மருந்து கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அசிப்ரோமசின் என்று ஒரு பழைய மருந்து இருக்கிறது. அதை மட்டும் கொடுத்தால் நாய் அசையாமல் படுத்திருக்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். ஓடக்கூட முடியாமல் பயப்படுவது எவ்வளவு கொடுமை! பயத்தையே குறைக்கும் மருந்துகள் வேறு உண்டு. அதை ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பார்த்து அளவைத் தீர்மானிக்க வேண்டும். அதனால்தான் முந்தைய நாள் மாலை வராதீர்கள் என்கிறேன். பாட்டியின் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துப் போடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

இத்தனை வருஷம் சும்மா இருந்த எட்டு வயது நாய் திடீரென்று குக்கர் விசிலுக்குப் பதறுகிறதா? காதை விட்டுவிட்டு இடுப்பையும் மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். திடுக்கிட்டு உடம்பு இறுகும்போது வலிக்கிறது. வலியையும் சத்தத்தையும் அது ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடுகிறது. வலிக்கு மருந்து கொடுத்ததும் பயம் குறைந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

தெரு நாய்களுக்கு ஃபோனும் கோழியும் வைத்துப் பயிற்சி கொடுக்க முடியாது. அன்றிரவு மாடிப்படிக்கு அடியில் ஒன்று வந்து சுருண்டால் விரட்டாமல் கேட்டைச் சாத்திக்கொள்ளுங்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள், அங்கே வரும் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாக வெடியே வெடிப்பதில்லை. ஒரு ஊரே விட்டுக்கொடுத்திருக்கிறது. நாம் ஒரு படிக்கட்டைக் கொடுக்கலாம்.

போன வருஷம் ஒரு வீட்டில் இந்தப் பயிற்சியை விடாமல் செய்தார்கள். தீபாவளியன்று இரவு ஃபோன் வந்தது. "டாக்டர், பாத்ரூமை விட்டு வெளியே வரலை. ஆனா ஒவ்வொரு வெடிக்கும் தலையை நீட்டி, எங்கே என் துண்டுன்னு பாக்குது." எனக்கு அது போதும் என்றேன்.

இன்று மாலை நாய் சாப்பிட்டு முடித்ததும், ஃபோனில் ஒலியைக் கடைசிக் கோட்டுக்கு இறக்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள். வணக்கம்.