கழுத்து முறிந்த கோல்கீப்பர்! ஆனால் விருது அதற்காக இல்லை

வணக்கம் மக்களே! 1956 மே 5, வெம்ப்ளி மைதானம், இங்கிலாந்துக் கால்பந்து கிளப்புகள் மோதும் எஃப்ஏ கோப்பையின் இறுதிப்போட்டி. மான்செஸ்டர் சிட்டி 3, பர்மிங்காம் 1. இன்னும் 17 நிமிடம்தான் பாக்கி. பர்மிங்காமின் பீட்டர் மர்பி பந்தோடு வருகிறார். சிட்டி கோல்கீப்பர் பெர்ட் டிரவுட்மன் அவர் காலடியிலேயே பாய்ந்து பந்தை அமுக்குகிறார். மர்பியின் முழங்கால் நேராகக் கழுத்தில் இடிக்கிறது.

வேறு ஆளை இறக்க வேண்டியதுதானே என்பீர்கள். மாற்று ஆட்டக்காரர் என்ற விதியே அப்போது கிடையாது. தள்ளாடிக்கொண்டே கடைசிவரை கோலைக் காத்தார் மனிதர்.

அந்த வருடம் இங்கிலாந்தின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். 'பின்னே, கழுத்தை உடைத்துக்கொண்டு ஆடினால் கொடுக்காமலா இருப்பார்கள்' என்று நினைத்தால், அங்கேதான் ட்விஸ்ட். இறுதிப்போட்டிக்கு முன்பே விருது அவருக்கென்று முடிவாகிவிட்டது!

விருதின் வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், ஸ்கிப் பண்ணாதீர்கள். கால்பந்து எழுத்தாளர்கள் சங்கம் கொடுப்பது, பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போடுவது. முதல் விருது 1948இல் ஸ்டான்லி மேத்யூஸுக்கு. தியரி ஆன்றியும் முகமது சாலாவும் தலா மூன்று முறை வாங்கியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்த டிரவுட்மன் யார் தெரியுமா? ஹிட்லரின் படையில் பாராசூட் வீரர். இரும்புச் சிலுவை என்ற ஜெர்மன் ராணுவ வீரப் பதக்கம் வாங்கியவர். பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, இங்கிலாந்தின் லங்காஷயர் போர்க்கைதி முகாமில் அடைபட்டார். அங்கே கால்பந்தில் நடுத் தடுப்பாட்டக்காரராக ஆடிக்கொண்டிருந்தவர், அடிபட்டதால் கோல்கீப்பரோடு இடம் மாறிக்கொண்டார். அப்படி ஆரம்பித்ததுதான் இந்தக் கதை! விடுதலையான பிறகும் ஜெர்மனிக்குத் திரும்பவில்லை.

1949இல் சிட்டி அவரை எடுத்ததும் மான்செஸ்டர் கொதித்தது. போரில் ஜெர்மன் குண்டு விழுந்த ஊர், யூதர்கள் நிறைய வாழும் ஊர். சும்மா இருப்பார்களா? சுமார் 20,000 பேர் தெருவில் இறங்கினார்கள். அப்போது அந்த ஊரின் யூத மதகுரு அலெக்சாண்டர் ஆல்ட்மன், ஒரு நாடு செய்த குற்றத்துக்குத் தனி ஆளைத் தண்டிக்காதீர்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். அவருடைய பெற்றோரே நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள். எனக்கென்னவோ, வெம்ப்ளியில் நடந்ததைவிட இந்தக் கடிதம்தான் பெரிய சாகசம்.

ஆக, போர் முடிந்து 11 வருடத்தில், இங்கிலாந்துப் பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்து யோசித்து, ஒரு முன்னாள் எதிரிச் சிப்பாய்க்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். கழுத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு இல்லை, ஆட்டத்தைப் பார்த்து.

சரி, கழுத்து என்ன ஆனது? பதக்கம் கொடுத்த இளவரசர் பிலிப்பே கழுத்து ஏன் கோணலாக இருக்கிறது என்று கவனித்துவிட்டார். மருத்துவமனையிலோ, வெறும் சுளுக்கு, தானாகச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள்! சில நாள் கழித்து மான்செஸ்டரில் எக்ஸ்ரே எடுத்தால், ஐந்து கழுத்தெலும்புகள் இடம் பெயர்ந்திருக்கின்றன, அதில் இரண்டாவது எலும்பு இரண்டாகப் பிளந்திருக்கிறது. மூன்றாவது எலும்பு கதவுக்கு அடியில் செருகிய ஆப்பு மாதிரி அதைத் தாங்கிப் பிடித்ததால் ஆள் பிழைத்தார்.

இந்த விருதை வாங்கிய முதல் கோல்கீப்பர் இவர். அப்புறம் 1972இல் கார்டன் பேங்க்ஸ், 1973இல் பேட் ஜென்னிங்ஸ், 1985இல் நெவில் சவுத்தால். அதோடு சரி, 2025 வரை ஒரு கோல்கீப்பர்கூட இல்லை. கோல் போடுகிறவனுக்குத்தான் மாலை! உங்கள் ஓட்டு எந்தக் கோல்கீப்பருக்கு? கமெண்டில் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன்.