ஊசி போட்ட கோழிக்கும் கட்டி ஏன் வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம். திருமங்கலம் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணை. 16 வாரக் கோழிகள். முட்டைக்கு வரச் சில வாரங்களே பாக்கி. ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டியபடி எழ முடியாமல் கிடந்தவற்றுள் ஒன்றை வேப்பமரத்தடியில் அறுத்துப் பார்த்தேன். ஈரல் பெருத்து, வெளிறிய கட்டிகள். ஒரு பக்கத் தொடை நரம்பு மறுபக்கத்தைவிடத் தடித்திருந்தது. “முதல் நாளே ஊசி போட்ட குஞ்சுதானே டாக்டர்?” என்று கேட்ட பண்ணைக்காரரின் குரல் உடைந்துவிட்டது.

இது மேரக் நோய். 1907இல் இதை விவரித்த ஹங்கேரி கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக்கின் பெயர். ஹெர்ப்பிஸ் வகை வைரஸ். இறகு முளைக்கும் குழியில் பெருகி, உதிரும் செதிலோடு தூசியாகப் பறக்கிறது. அந்தத் தூசியில் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் கிடக்கும். கோழி அதை மூச்சோடு இழுக்கிறது. முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போவதில்லை. அப்படிப் போகும் கட்டி நோய் வேறு. லிம்பாய்டு லூக்கோசிஸ் என்பார்கள். அதற்குத் தடுப்பூசி கிடையாது, தாய்க்கோழிப் பண்ணையிலேயே ஒழித்தாக வேண்டும். இரண்டுமே மனிதருக்குத் தொற்றுவதில்லை. முட்டை வாங்குகிறவர்கள் அஞ்ச வேண்டாம்.

சரி, ஊசி என்ன ஆயிற்று? மேரக் தடுப்பூசி கட்டியைத் தடுக்கிறது. வைரஸ் உடலில் நுழைவதைத் தடுப்பதில்லை. எதிர்ப்பாற்றல் உருவாக ஒரு வாரமாவது பிடிக்கும். அதற்குள் பழைய தூசியைச் சுவாசித்த குஞ்சுக்கு ஊசி பிந்திப்போகிறது. நான் பார்த்த பண்ணையில் குஞ்சுக் கொட்டகைக்குச் சில அடி தள்ளியே முதிர்ந்த கோழிகள். இரண்டுக்கும் தீவனம் வைப்பவர் ஒருவரே, அதே செருப்போடு. வலைக்கம்பியில் முந்தைய கோழிகளின் தூசி நூலாகத் தொங்கியது. என்னால் அதை மறக்க முடியவில்லை.

மருந்தையும் விசாரியுங்கள். பொரிப்பகத்தில் போடும் ஊசிகள் பலவற்றை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைக்க வேண்டும். உருக்கிக் கலந்தபின் ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மதுரைக் கோடையில் சற்று அசந்தாலும் வீரியம் போய்விடும். எந்த மருந்து, எப்போது உருக்கினீர்கள் என்று பொரிப்பகத்தாரிடம் கேட்பது உங்கள் உரிமை.

செத்த கோழியைக் கண்மாய்க் கரையில் வீசாதீர்கள். மருத்துவரிடம் அறுத்துக் காட்டிவிட்டுச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதையுங்கள். தினமும் குஞ்சுகளுக்கு முதலில் தீவனம் வையுங்கள், முதிர்ந்த கோழிகளுக்குப் பிறகு. அடுத்த குஞ்சுகள் வருமுன் கொட்டகையின் வலைக்கம்பியில் விரலை ஓட்டிப் பாருங்கள். தூசி ஒட்டினால் குஞ்சு வண்டியை ஒரு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டு, கூரையிலிருந்து கழுவத் தொடங்குங்கள். வணக்கம்.